தகுதியானவர் யாரும் இல்லை

கேள்விகள் மொத்தம் இருபத்தொன்று. சட்டமன்றக் குழு ஒரு வாரம் முன்பே அனுப்பியிருந்தது. இருபதுக்கு இயக்குநர் பதில் எழுதி முடித்துவிட்டார். பதினான்காவது மட்டும் காலியாகக் கிடந்தது.

'இப்பணியைச் செய்யத் தகுதியானவர் துறையில் யாரும் இல்லை என்று சான்றளித்தவர் யார்?'

நான்தான்.

"நீங்க வாயே திறக்காதீங்க," என்றார் இயக்குநர், காரில் போகும்போது. "எதைக் கேட்டாலும் 'விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது'ன்னு நான் சொல்லிக்கறேன். இந்த மூணு வார்த்தையை வெச்சே மூணு குழுவைத் தாண்டியிருக்கேன்."

"என்னைப் பார்த்துக் கேட்டா சார்?"

"இருமுங்க. தண்ணி குடிங்க. ரிட்டயர் ஆக நாப்பது நாள்தானே இருக்கு? பென்ஷனைக் கையில வாங்கற வரைக்கும் நாக்கைக் கட்டிப்போடுங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காலையில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். எட்டு மாதமாக 'சாப்பாடு இருக்கு', 'கதவைப் பூட்டுங்க' தவிர என்னோடு பேசாதவள்.

"அங்கயாவது சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை.

முதியோர் உதவித்தொகைத் துறையின் கணினிப் பிரிவுக்கு நான் தலைவன். மாதம் பிறந்தால் நாலு லட்சம் வயசாளிகளுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். அதற்கான மென்பொருளைத் தனியாளாக எழுதியவன் என் மச்சினன், என் மனைவியின் ஒரே தம்பி. பிரிவில் அவனுக்குக் கொக்கு என்று பெயர். திரைக்கு முன்னால் கழுத்தை வளைத்துக்கொண்டு, பிழை தலையைத் தூக்கும்வரை அசையமாட்டான். தூக்கியதும் ஒரே கொத்து.

ஐந்து வருஷத்துக்கு முன், அந்த வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுப்பது என்று மேலிடத்தில் முடிவானது. கோப்பு நகர ஒரு சான்றிதழ் வேண்டும். தகுதியானவர் உள்ளே யாரும் இல்லை என்று பிரிவுத் தலைவர் கையெழுத்திட்டால்தான் நிதித்துறை கோப்பைத் தொடும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சான்றிதழை எடுத்து வந்தவனே கொக்குதான். எங்கள் பிரிண்டர் அவனுக்கு மட்டும்தான் அடங்கும். பக்கவாட்டில் எங்கேயோ ஓரிடத்தில் ஒரு தட்டுத் தட்டுவான். காகிதத்தைத் துப்பிவிடும்.

"மாமா, நான் இல்லவே இல்லைன்னு நானே பிரிண்ட் எடுத்துக் கொடுக்கறேன். இந்தக் கூத்து வேற எந்த ஆபீஸ்லயாவது நடக்குமா?"

"வெறும் படிவம்டா. எல்லாத் துறையிலயும் இதே வரிதான். கம்பெனிக்காரன் மாடா உழைப்பான், நீ உக்காந்து மேய்க்கலாம்."

"அதை எழுதிக் கொடுப்பீங்களா?"

"போடா வேலையைப் பார்த்துக்கிட்டு."

சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் மாதம் ஆணை வந்தது. தகுதியானவரே இல்லாத பிரிவில் இவனுக்கு என்ன வேலை? பழைய கோப்புகளை அடுக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். ஒரு வருஷம் தூசி தின்றான். பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்தான். கம்பெனியிலோ அவன் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு ஆள் கிடையாது. கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவன் அவனைத் தேடிப் பிடித்து, அதே பிரிவுக்கு, அதே நாற்காலிக்கே கொண்டுவந்து உட்காரவைத்தான்.

"நாற்காலி அதேதான் மாமா. கழுத்துல கார்டு தொங்கற கயிறுதான் கலர் மாறிடுச்சு."

சம்பளம் பழையதில் பாதி. அவன் தலையைக் காட்டிக் கம்பெனி துறையிடம் வாங்கியது அதைப் போல ஆறு மடங்கு. பிரிவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் மூச்சு விடவில்லை. நானும்தான்.

எட்டு மாதத்துக்கு முன், ஒரு மாதக் கடைசியில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் விசைப்பலகைமேல் தலையைச் சாய்த்தான். மூன்று நாளாக வீட்டுக்குப் போகாதவன், அசந்து தூங்குகிறான் என்று நினைத்தேன். மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது அவன் கை ஜில்லிட்டிருந்தது.

அவன் மனைவி கைக்குழந்தையோடு மனு எடுத்துக்கொண்டு அலைந்தாள். கம்பெனி, 'எங்கள் பணியாளர் அல்ல' என்றது. ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. துறையின் பதில் என் பிரிவிலிருந்தேதான் போனது: 'ராஜினாமா செய்தவர்.' கடிதங்களை என் முன்னால் வைத்து அவள் கேட்டாள்.

"அப்போ அவரு யாரோட ஆளுண்ணா?"

குழுவின் அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் உறுப்பினர்கள், எதிரே நாங்கள், ஓரத்தில் கம்பெனியின் பிரதிநிதி. பதின்மூன்று கேள்விகள் வழுக்கிக்கொண்டு போயின. பதினான்காவதுக்கும் இயக்குநர் அந்த மூன்று வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தார், சொன்னார். குழுத் தலைவரும் தலையாட்டிவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. வெட்கமும் கூடவே வந்தது.

அப்போது கோடியில் உட்கார்ந்திருந்த பெண் உறுப்பினர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். கம்பெனியின் பில்களை ஒவ்வொன்றாகப் படித்திருந்தார்.

"முதுநிலை வல்லுநர், ஒருத்தர். கிட்டத்தட்ட நாலு வருஷமா இவருக்குப் பில் வருது. போன மாசம்கூட இருபத்தாறு நாள் வேலை பார்த்திருக்கார். ஒரு நாள் லீவு இல்லை. யாருங்க இந்தப் புண்ணியவான்?"

"விவரம் சேகரிக்கப்பட்டு..."

"உங்ககிட்ட கேக்கலை சார். பிரிவுத் தலைவர் சொல்லட்டும். உங்க பிரிவுலதானே உக்காந்திருக்கார்?"

பில்லை என் பக்கம் தள்ளினார். கம்பெனி வைத்த வருகைப் பட்டியல் அதில் இணைந்திருந்தது. பில்கள் என் மேஜைக்கு வருவதில்லை; நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவன் பெயர். போன மாதம் இருபத்தாறு. அதற்கு முந்தின மாதம் இருபத்தைந்து. எட்டு மாதமும் வந்திருக்கிறான்.

இயக்குநர் தண்ணீர் டம்ளரை என்னிடம் நகர்த்தினார். நான் எடுக்கவில்லை.

"என் மச்சினன்மா."

"நல்லதாப் போச்சு. வரச் சொல்லுங்க, அவரையே கேட்டுடலாம்."

"செத்து எட்டு மாசம் ஆச்சு."

கம்பெனிப் பிரதிநிதி பேனாவை மூடினார்.

"கம்பெனியில சேர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தார்?" டீச்சரின் குரல் இறங்கியிருந்தது.

"எங்க பிரிவுலதான். இதை எழுதினதே அவன்தான்."

"அப்போ, யாரும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டது?"

"நான்தான். அவன் இருக்கறது தெரிஞ்சேதான் போட்டேன்."

வெளியே வராந்தாவில் இயக்குநர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்க பென்ஷனுக்கு நீங்களே கொள்ளி வெச்சுட்டீங்க."

இரண்டாம் நாள் குற்றக் குறிப்பாணை வந்தது. பொய்ச் சான்று அளித்தது ஏன்? நாலாம் நாள், நான் சொன்னதன் தட்டச்சுப் பிரதி வந்தது. குழுவில் பேசியவர் படித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவது வழக்கம். வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே படித்தாள். தம்பியின் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"கம்பெனி இனிமே 'எங்க ஆள் இல்லை'ன்னு சொல்ல முடியாதுல்ல?"

"முடியாது. அவங்க பட்டியல்லயே இருக்கான்."

"பணம் வருமா அவளுக்கு?"

"மறுபடி மனு போடச் சொல்லியிருக்காங்க. நாளாகும்."

"அந்த மின்விசிறியைத் திருப்பாம அவனை எழுப்பியிருக்கலாம் நீங்க," என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் அலுவலகத்தில் என் மேஜைமேல் ஒரு கோப்பு இருந்தது. சிவப்பு நாடா, 'மிக அவசரம்'. கம்பெனியின் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிக்காவிட்டால் ஒன்றாம் தேதி நாலு லட்சம் பேருக்குப் பணம் போகாது. நீட்டிக்க, பிரிவுத் தலைவர் சான்றிதழ் தர வேண்டும். வேறு அதிகாரி வரும்வரை அது நான்தான்.

அதே வரி. பிரிவை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். கொக்கின் நாற்காலியில் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள்.

பிரிண்டரில் காகிதத்தை வைத்தேன். சிக்கிக்கொண்டது. பக்கவாட்டில் தட்டினேன். மேலே தட்டினேன், கீழே தட்டினேன். துப்பவில்லை. எந்த இடம் என்று நான் அவனைக் கேட்டதே இல்லை.

கடைசியில் வெள்ளைத்தாள் எடுத்துக் கையாலேயே எழுதினேன். 'இப்பணியைச் செய்யத் தகுதியானவர் துறையில் யாரும் இல்லை.'

இந்த முறை அது பொய்யில்லை. கையெழுத்துப் போட்டேன்.