டோன் வாங்காமல் போனவன்

அண்ணனூர் கார்ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் குடியிருப்பில், இரண்டாவது மாடி வீட்டில், நஜீர் ஊரில் இல்லாத நாட்களிலும் அவன் குரல் இருந்தது. தக்காளி கிலோ நூற்றைம்பதைத் தொட்ட வருஷத்தில் இது தொடங்கியது. மின்சார ரயில்களைக் கழுவிப் பழுது பார்க்கும் அந்தக் கார்ஷெட் பக்கத்தில் இருப்பதால் அங்கே சத்தத்துக்குப் பஞ்சமில்லை. கூடுதலாக ஒரு குரல் வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நஜீர் சினிமாப் படப்பிடிப்புகளில் ஒலிப்பதிவு செய்பவன். காரைக்குடியில் இருந்தாலும் கூர்க்கில் இருந்தாலும், மதியம் சாப்பிட உட்கார்ந்தானென்றால் அவன் பேசுவது மனைவி ஃபஸீலாவுக்கு எதிர்த் தட்டிலிருந்து வருவதுபோலக் கேட்கும். அவள் பேசுவது அவனுக்கும் அப்படியே கேட்கும். போன் செலவில்லாத ஒரே குடும்பம் என்று கீழ்வீட்டு நாகேந்திரன் பொறாமைப்பட்டார். கார்ஷெட்டில் மெக்கானிக்காக இருக்கும் அவருக்கு வேறு குறை எதுவும் தோன்றவில்லை.

இருவரும் பழகியதே ஒரு சண்டையில்தான். ஃபஸீலா பூந்தமல்லிப் பெண். படப்பிடிப்பில் பதிவான வசனங்களைச் சுத்தம் செய்து அடுக்கும் எடிட்டர், வேலை வீட்டிலேயே. ஒலிப்பதிவு செய்கிறவர் ஒவ்வொரு நாளும் முதலில் 'பீ' என்று ஒரே சீரான ஓர் ஒலியைப் பதிந்து அனுப்புவார். அதற்கு டோன் என்று பெயர். எடிட்டர் அதைத் தன் மீட்டரில் குறித்த கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் போதும். அங்கே முணுமுணுத்தது இங்கேயும் முணுமுணுப்பு, அங்கே அதட்டியது இங்கேயும் அதட்டல். டோன் இல்லையென்றால் எது எவ்வளவு என்பது அல்லாவுக்குத்தான் வெளிச்சம். நஜீர் மைனஸ் இருபது டெசிபலில் டோன் வைக்கிறவன். இவளுடைய மீட்டரோ மைனஸ் பதினெட்டு. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல், டோனைச் சரிபார்க்காமல் விட்டதால் ஒரு படம் முழுக்கக் கதாநாயகி இரண்டு டெசிபல் இறங்கியே அழுதாள். ஃபஸீலா நம்பர் வாங்கி அவனைப் போனில் பிடித்தாள். "அண்ணே, உங்க டோன இன்னா கணக்குல வைக்கிறீங்க?" என்று ஆரம்பித்த பேச்சு நிக்காஹ்வில் வந்து நின்றது. அந்த 'அண்ணே'யைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே அவள் தங்கை சபீனாவுக்குக் கல்யாண பிரியாணி செரித்தது.

கல்யாணத்துக்குப் பிறகு விளையாட்டாக ஒரு பழக்கம் வந்தது. வெளியூர் கிளம்பும்போது நஜீர் வாசலில் நின்று 'ம்' என்று சீராக ஒரு ஸ்வரம் பிடிப்பான். அவளும் எதிரே நின்று பிடிப்பாள். இரண்டும் ஒன்றாகிப் பிரித்தறிய முடியாமல் போனதும் அவன் பையைத் தூக்குவான். அப்படிப் போன முதல் பயணத்திலேயே குரல் வீடு வந்து சேர்ந்தது. கூடவே டம்ளர் வைக்கும் சத்தமும், டப்பா திறக்கும் சத்தமும் வரும். அந்த டப்பா அவள் அம்மா வஹீதுன்னிசா கல்யாணச் சீராகக் கொடுத்த எவர்சில்வர் ஜோடியில் ஒன்று. எந்த ஊருக்குப் போனாலும் அவன் அதில்தான் வாங்கிச் சாப்பிடுவான். மூடி அவ்வளவு இறுக்கம். கட்டை விரலால் நெம்பினால் 'டணக்' என்று விடும். மற்றொன்று ஃபஸீலாவின் சமையலறையில் இருந்தது.

பிறகு அந்த பக்ரீத் வந்தது. பூந்தமல்லியில் அவள் அம்மா வீட்டில் சேர்ந்து இருப்போம் என்று நஜீர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். முந்தின நாள் காலை கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஹீரோவின் தேதி மாறிவிட்டது, உடனே ஸ்பிட்டிக்குக் கிளம்ப வேண்டும். பனிமலைக்கு நடுவில், செல்போன் டவர் இல்லாத இடம். ஃபஸீலா டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்தாள். அவன் வாசலில் நின்று ஸ்வரம் பிடித்தான். அவள் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபஸீ, டோன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணா. போய்க்கினே இருங்க."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். படி இறங்கும் சத்தம் அடங்கும்வரை அவள் ஒரே சட்டையை மடித்துப் பிரித்து மடித்தாள்.

அவன் போன பின்பு குரல் வராமலில்லை, வந்தது. ஆனால் சன்னமாக, அடுத்த வீட்டில் பேசுவதுபோல வந்தது. அதற்கடுத்த வாரம் அதற்கடுத்த வீட்டுக்குப் போனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, ஆடி முடிவதற்குள் ஃபேனை நிறுத்தினால்தான் கேட்டது. வார்த்தை முதல் நாளிலிருந்தே புரியவில்லை. சாதாரணமாக இதில் குழப்பம் இருக்காது. தூரம் போனால் குரல் இறங்கும். ஆனால் நஜீருக்குக் கோபம் வந்தாலும் குரல் ஏறாது, இறங்கும். கல்யாணமாகிப் பார்த்த இரண்டு கோபத்திலும் அவன் முணுமுணுக்கத்தான் செய்தான். ஆக, அவன் தூரத்தில் இருக்கிறானா, இல்லை தன்னிடமிருந்து விலகிக்கொண்டிருக்கிறானா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் டோன். அதைத்தான் அவள் வேண்டாமென்றாள். கம்பெனி மேனேஜரோ பத்து நாளுக்கு ஒருமுறை மலையிலிருந்து டவர் கிடைக்கும் இடத்துக்கு இறங்கி வந்து எல்லா வீட்டுக்கும் ஒரே செய்தி அனுப்பினார்: அனைவரும் நலம். நலமாக இருக்கிறவனுக்கும் மனைவிமேல் மனசு விட்டுப்போகலாமே என்று அவள் நினைத்தாள். நினைத்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அவளுக்குத் தெரிந்த வேலையை அவள் செய்தாள். சாப்பாட்டு மேசையில் மைக் வைத்து, வந்த குரலைப் பதிந்து, கம்ப்யூட்டரில் போட்டு, வசனத்தைச் சுத்தம் செய்வதுபோலவே சுத்தம் செய்தாள். காற்று, டம்ளர், மூடி, இருமல் என்று குரல் அல்லாததையெல்லாம் வெட்டி எறிந்தாள். மிஞ்சியதை ஏற்றிப் பார்த்தாள். கொஞ்சம் ஏற்றினால் கெஞ்சுவதுபோல இருந்தது. இன்னும் ஏற்றினால் சண்டை போடுவதுபோல இருந்தது. நடுவில் ஓரிடத்தில் யாரோ முன்பின் தெரியாத மனிதன் பேசுவதுபோல இருந்தது. ஒலியை ஏற்றும் கை எங்கே நிற்கிறதோ அதுதான் புருஷன் என்றாகிவிட்டது. அதைவிடப் பயம் வேறென்ன வேண்டும்?

ஒரு வெள்ளிக்கிழமை சபீனா வந்து ஊறுகாய் எடுக்க எவர்சில்வர் டப்பாவின் மூடியை நெம்பினாள். டணக். உள்ளறையில் வேலையாக இருந்த ஃபஸீலா அப்படியே எழுந்துவிட்டாள்.

"இன்னாக்கா?"

"இன்னொரு தபா தொற."

"ஊறுகா எடுத்தாச்சுக்கா."

"பரவால்ல, தொறடி."

மனிதன் கோபத்தில் குரலை இறக்கலாம், மூடி இறக்காது. ஜோடி டப்பா, ஒரே இறுக்கம், ஒரே கட்டைவிரல் வேலை. ஸ்பிட்டியில் திறந்தாலும் அண்ணனூரில் திறந்தாலும் அதன் டணக் ஒன்றுதான். இத்தனை நாளும் குப்பை என்று அவள் வெட்டி எறிந்ததற்குள் டோன் இருந்திருக்கிறது. சபீனா விரல் சிவக்கச் சிவக்கத் திறந்து மூடினாள். ஃபஸீலா மீட்டரைப் பார்த்தாள். பிறகு வெட்டாத பழைய பதிவை எடுத்து, அதிலிருந்த டணக்கை இந்த டணக்குக்குச் சமமாக ஏற்றி நிறுத்தினாள். முப்பத்தொன்று டெசிபல் ஏற்ற வேண்டியிருந்தது. காற்றிரைச்சலுக்கு நடுவே நஜீர் பேசினான், எதிர்த் தட்டில் உட்கார்ந்து பேசும் அதே குரலில், ஒரு நூல் கூடாமல் குறையாமல்.

"ஃபஸீ, ஒன் கொரல் சன்னமா வருது. கோவமா கீறியா, இல்ல நான்தான் தூரமா கீறேனா? ஒண்ணும் புரியல. ஒரே ஒரு டோன் குடு."

அடுத்த நாள் பதிவிலும் அதுதான். அதற்கடுத்த நாளும் அதுதான். ஒன்றரை மாதமாக ஒருத்தன் சோற்றைப் பிசைந்துகொண்டு இதையே கேட்டிருக்கிறான். ஃபஸீலா மேசையில் தலை வைத்து அழுதாள். சபீனா கொஞ்ச நேரம் முதுகைத் தடவிவிட்டு, "அழுதா ஸ்வரம் வராதுக்கா, மூஞ்ச கழுவிக்கினு வா" என்றாள்.

முகம் கழுவிவிட்டு ஃபஸீலா வாசலில், அவன் நின்ற இடத்துக்கு எதிரே நின்று ஸ்வரம் பிடித்தாள். மூச்சு முட்ட முட்ட, விட்டு விட்டுப் பிடித்தாள். கார்ஷெட்டில் நின்ற ரயில்களின் ஜன்னல்கள் எல்லாம் ஒரே சீராக அதிர்ந்தன. நாகேந்திரன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தார். யாரோ கம்ப்ரெசரை மூடாமல் விட்டார்கள் என்று நினைத்து மறுபடி எடுத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து, சன்னமாக, அந்தப் பக்கத்து 'ம்' வந்தது. ஏறியது. இரண்டும் ஒன்றாகி, எது யாருடையது என்று தெரியாமல் போனது.

அந்தப் படம் இன்னும் முடியவில்லை. ஹீரோவுக்குக் கால் பிசகியது, பனி மூடியது, தயாரிப்பாளர் மாறினார், மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். தக்காளி இருபதுக்கு இறங்கி மறுபடி ஏறியது. நஜீர் நடுவில் இரண்டு முறை வந்து போனான். அளவு சரியாகிவிட்டதால் தூரம் ஓர் அடிகூடக் குறைந்துவிடவில்லை என்பது ஃபஸீலாவுக்குத் தெரியும். குரல் வருகிறது, கை வருவதில்லை. எதிர்த் தட்டில் சோறு வைத்தால் அப்படியே இருக்கிறது. சில நாள் அவள் பேச்சை நிறுத்திவிட்டு அவன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போது அவளும் டப்பாவில்தான் சாப்பிடுகிறாள். மதியம் பாங்கு முடிந்ததும் அங்கே அவன் மூடியை நெம்புவான், இங்கே இவள் நெம்புவாள். ஒரே ஒரு டணக்தான் கேட்கும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். குடியிருப்புக்கு இது புளித்தே போய்விட்டது. அந்த நேரத்துக்கு டிவியைக் கொஞ்சம் குறைத்து வைப்பதோடு சரி.

போன வாரம் தண்ணீர் லாரிக்குப் பணம் வாங்க வந்த நாகேந்திரன் வாசலில் நின்று, உள்ளே நஜீர் சிரிப்பதைக் கேட்டார்.

"இன்னாம்மா, நஜீர் ஊட்டுக்கு வந்துட்டாரா?"

"இன்னும் வர்லண்ணே," என்றாள் ஃபஸீலா. "சாப்ட்டுக்கினு கீறாரு."

"சரி, சாப்ட்டும்," என்று அவர் வாசலிலேயே காத்திருந்தார்.