இடி சொல்ல வந்தது

மேடையேறினால் அவன் பெயர் இடி. ஹெவி மெட்டல் என்னும் அதிரடிப் பாட்டுக் கேட்கும் பிள்ளைகள் வைத்த பெயர். அவன் உறுமினால் மைதானமே சேர்ந்து உறுமும். வீட்டில் மட்டும் அந்தத் தொண்டைக்கு நிரந்தர விடுமுறை. சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூடப் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போவான்.

அப்படிப்பட்டவன் இப்போது வாயைத் திறந்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தான் பாடும் பேர்போன இசைக்குழுவை விட்டு விலகப் போகிறான். பியானோ வாசிக்கும் ஒரு பெண்ணோடு சேர்ந்து, வார்த்தை வார்த்தையாகக் காதில் விழும்படி மெல்லப் பாட ஆசை வந்துவிட்டது. மனைவி சம்மதித்துவிட்டாள். சிக்கல் அவளுடைய அண்ணன்தான். குழுவைத் தொடங்கியவரும் அவரே, டிரம்ஸ் அடிப்பவரும் அவரே. சும்மா திரிந்தவனை மேடையேற்றி, தங்கையையும் கட்டிக் கொடுத்தவர். அவரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

ஒத்திகை அறையில் பலமுறை முயன்றான். தொண்டைவரை வந்த சொல் ஒவ்வொரு முறையும் "டீ குடிக்கலாமா மச்சான்" என்று மாறி வெளியேறியது. டீ குடித்தே வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். புதுப் பாட்டின் நடுவே 'நான் போறேன் மச்சான்' என்று ஒரு வரியைச் செருகி, வழக்கம்போல் உறுமினான். சொன்னதாகவும் ஆயிற்று, சொல்லாததாகவும் ஆயிற்று. கிதார்காரன் அருமை என்றான். மைதானத்தில் பிள்ளைகளும் கூடவே கத்தினார்கள். என்ன கத்துகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. மச்சான் மட்டும் அந்த வரி வரும்போதெல்லாம் டிரம்ஸைப் பிளந்துவிடுவதுபோல் அடித்தார். பாட்டு அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனதே என்று இவன் இன்னும் நொந்துபோனான்.

புதுக் கூட்டணியின் அறிவிப்பு மறுநாள் வரவிருந்தது. இனித் தள்ளிப்போட வழியில்லை. ஒத்திகை முடிந்து மற்றவர்கள் கிளம்பியதும், டிரம்ஸின் சிம்பல் தட்டைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டிருந்த மச்சானிடம் போய் நின்றான்.

"நான் போறேன் மச்சான்." அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சரி, பாத்துப் போ."

"வீட்டுக்கு இல்ல மச்சான்."

"தெரியும் மாப்ள." அவர் நிமிரவில்லை. "இத்தனை வருஷமா நீ பாடினதுல ஒரு வார்த்தைகூட எனக்குப் புரிஞ்சதில்ல. அந்த ஒரு வரி மட்டும் மொத நாளே புரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"காதுல விழக்கூடாதுன்னுதானே அந்த அடி அடிச்சேன்."

இடிக்குக் கண் கலங்கிவிட்டது. டீ குடிக்கலாமா என்று கேட்டான். இந்த முறை அவனுக்கு நிஜமாகவே டீதான் வேண்டியிருந்தது.