தவக்காலத் தீனி

கொடைக்கானலில் ஒரு விடுதி. அதன் வரவேற்பறையில் இருந்த கடல்நீர் மீன்தொட்டிக்கு ஆக்னல்தான் பொறுப்பு. தீனி மிஞ்சினால் தண்ணீரில் நைட்ரேட் ஏறும், பாசி மண்டும், உள்ளே வளரும் உயிருள்ள பவளம் சாகும். அதனால் தீனியைப் பாதியாகக் குறைத்தான், பிறகு கால்வாசியாக்கினான். தண்ணீரும் மாற்றிப் பார்த்தான். நைட்ரேட்டோ சனியன் மாதிரி ஏறிக்கொண்டே போனது. இன்று முதலாளி வருகிறார். பவளம் செத்திருந்தால் வேலை போச்சு.

சோதனைக்குத் தண்ணீர் எடுக்க வெள்ளனே வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். விடுதிச் சமையல்காரி கித்தேரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, ராத்திரி தன் பங்குக்கு வந்த பொரித்த மீனைப் பிய்த்துத் தொட்டிக்குள் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா! என்ன காரியம் பண்றீங்க?”

“தவக்காலம்ல தம்பி. வாயக் கட்டி ஒறுத்தல் செஞ்சு மிச்சம் வச்சத பசிச்சவுகளுக்குக் குடுக்கணும்ல? நீங்க தீனியக் கொறைக்கக் கொறைக்க, பாவம், இதுக பட்டினி கெடக்கு. அதான் நானும் கூட்டிக் கூட்டிப் போடுறேன்.”

வெளியே கார் வந்து நின்றது. ஆக்னல் பதறிப்போய் டப்பாவைத் திறந்து, அவள் கண்ணெதிரே ஒரு சிட்டிகை தீனி போட்டான். “பாருங்க, இதுகளுக்கு வயிறு நெறைஞ்சிரும். போங்கக்கா, வெரசா!”

கித்தேரியம்மாள் தொட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “இம்புட்டுதானா?” என்றாள். கையில் இருந்த மீனை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.