நீக்குவதற்கு முன் ஒரு சம்மதம்

கெர்னலில் மறையாக்கப் பகுதியை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கணினியின் மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் ஓடுவது கெர்னல். வட்டில் எழுதுவதைப் பூட்டி வைப்பதும், கேட்டவருக்குத் திறந்து கொடுப்பதும் அந்தப் பகுதியின் வேலை. ஒரு வருடமாக அவள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதிவிட்டுப் போனதை நீக்கி எளிமையாக்கிக்கொண்டே இருந்தாள். ஊரைச் சுற்றிப் போன வழியெல்லாம் நேர்வழி ஆகிக்கொண்டிருந்தது.

ஒரு ஃபைலை மட்டும் தொடவில்லை. எப்போதோ வழக்கொழிந்த ஒரு பிராசசருக்காக எழுதியது. முதல் வரியில் அவள் அண்ணனின் பெயர் இருந்தது. பழைய கணினி வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் எழுதி அதைத் தாண்டிப் போனாள். கெர்னலைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லாரும் எழுதிக்கொள்ளும் மெயில் லிஸ்டில் மட்டுமே பழக்கமான சக பராமரிப்பாளர் ஒருவர் இருந்தார். எதைக் கண்டாலும் வெட்டச் சொல்வதால் எல்லாரும் அவரைக் கத்தரிக்கோல் என்பார்கள். அவர்கூட முதலில் விட்டுவிட்டார்.

பிறகு ஒரு புகார் வந்தது. அந்த ஃபைலைப் பயன்படுத்தும் கணினி, தூங்கி எழுந்த பிறகு சில சமயம் வட்டில் இருப்பதைக் குப்பையாகப் படிக்கிறது. அவள் சுற்றிலும் எல்லாவற்றையும் எளிமையாக்கியிருந்தாள். இது மட்டும் பழைய வழியிலேயே நின்றதால் வந்த வினை. புகார் கொடுத்தவரிடம் நகல் இருந்தது, பிழைத்தார்.

"இது இன்னும் ஏன் இருக்கிறது?" என்று கத்தரிக்கோல் எழுதினார்.

எடுக்க வேண்டியதுதான். ஒருவர் எழுதியதை நீக்கும்போது அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிச் சம்மதம் கேட்பது அவர்களிடையே வழக்கம். அண்ணனின் பழைய முகவரிக்கு அனுப்பியது போன வேகத்தில் திரும்பி வந்தது. முகவரியே இல்லையென்றால் கேட்கத் தேவையில்லை என்றார் கத்தரிக்கோல். ஆனால் பஸ்ஸில் போனால் எட்டிவிடும் தூரத்தில்தான் அண்ணன் இருந்தான். அப்பா படுத்த படுக்கையானதும், அவருடைய சலவைக் கடையை எடுத்துக்கொண்டு கணினியை மூடிவைத்தவன் அவன். அவள் மட்டும் படித்தாள். அண்ணனைக் கடையில் விட்டு வாங்கிய படிப்பு என்று அவள் அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஃபைல் ஒன்றுதான் அவன் பங்காக அங்கே மிஞ்சியிருந்தது. அதையும் அவனைக் கேட்காமல் தன் கையால் எடுக்க மனமில்லாமல் அவள் பஸ் ஏறினாள்.

கடையில் நீராவி மூட்டமாக இருந்தது. அண்ணன் ஒரு சட்டையின் காலரை அழுத்திக்கொண்டிருந்தான்.

"வாடி வாண்டு. துணி கொண்டு வரல?"

"இல்லண்ணா. ஒண்ணு கேக்கணும்."

"பீடிகை பலமா இருக்கே," என்றாள் அண்ணி, துணிகளில் சீட்டுக் குத்திக்கொண்டே. "சம்பளம் போடலியா உனக்கு?"

அவள் சொன்னாள். வேண்டிய இடத்தில் தடுமாறினாள், வேண்டாத இடத்தில் நீட்டினாள். முடித்தபோது அண்ணன் அடுத்த சட்டையை எடுத்திருந்தான்.

"பிள்ளைங்ககிட்ட அதைத்தான் காட்டுவாரு," என்றாள் அண்ணி மெதுவாக. "உலகம் பூரா கம்ப்யூட்டர்ல உங்கப்பன் பேர் இருக்குன்னு."

அவளுக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது.

"காட்டு பாப்போம்," என்றான் அண்ணன்.

மடித்த துணிகளை ஒதுக்கி லேப்டாப்பை வைத்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். வரி வரியாக இறங்கினான். ஓரிடத்தில் உதட்டைப் பிதுக்கினான்.

"என்ன கண்றாவியா எழுதியிருக்கேன். இதை எப்படி உள்ள விட்டாங்க?"

"வேகமா இருந்துச்சுண்ணா. அப்ப அவ்வளவு வேகமா எதுவும் இல்ல."

"வேகத்துக்காகவா எழுதினேன்?" அவன் நிமிர்ந்தான். "நம்ம ரூம் ஞாபகம் இருக்கா? உன் கட்டிலுக்கு அடியிலதான் சிபியு. டிஸ்க்ல எதையாவது காப்பி பண்ணா சூடாகி அந்த ஃபேன் ஊளையிடும். நீ காதுல பஞ்சை வச்சுக்கிட்டுப் பரீட்சைக்குப் படிப்ப. சரி, வேலையைக் குறைச்சா சூடு குறையும், சூடு குறைஞ்சா சத்தம் குறையும்னு உக்காந்தேன். அவ்வளவுதான்."

அந்த அறை அவளுக்கு அப்படியே வந்தது. ஒரே மேசை, அதில் பாதி அவன் கீபோர்டு, பாதி அவள் வேதியியல் புத்தகம். முழங்கை இடித்தால் கோடு தாண்டிவிட்டாய் என்று சண்டை. ஒரு நாள் சத்தம் நின்றதும் கணினி கெட்டுப்போய்விட்டதென்று அவள் பதறியதும், அவன் நாற்காலியைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்ததும்.

"நீ இதை விட்டது என்னாலதானே?" கேட்டே விட்டாள்.

"நான் என்ன தியாகியா? அந்த லிஸ்ட்ல திட்டு வாங்கி அலுத்துப்போச்சு. இங்க பட்டன் போனாத்தான் திட்டுவாங்க."

அவன் அதைச் சொன்ன விதத்தில் பாதி நிஜம் இருந்தது. மறு பாதியை அவள் கேட்கவில்லை.

"எடுத்துடு," என்றான். "அடுத்தவன் டிஸ்கைக் குப்பையாக்குற கோடுக்கு என் பேர் எதுக்கு? எங்க எழுதணும் சொல்லு."

போனிலிருந்தே அனுப்பினான். உடனே திரும்பி வந்தது. போன் அலங்காரம் சேர்த்தே அனுப்பும்; வெறும் எழுத்தாக வராத எந்த மெயிலையும் அந்த லிஸ்ட் வாங்காது.

"இந்த வீம்பு இன்னும் போகலியா இவங்களுக்கு?" என்று சிரித்தான். அவள் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நீக்கச் சம்மதம் என்று ஒரு வரி, அதன் கீழே தன் பெயர். ஃபைலை நீக்கும் திருத்தம் கெர்னலின் வரலாற்றுப் பதிவில் சேரும்போது அந்த வரியும் அதோடு சேரும். கண்ணாடி இல்லாமல் எழுத்துக் கூட்டிச் சரிபார்த்துவிட்டு அனுப்பினான். இந்த முறை போய்ச் சேர்ந்தது.

சிறிது நேரத்தில் கத்தரிக்கோலிடமிருந்து பதில் வந்தது. வழக்கமாக அவர் எதற்கும் நன்றி சொல்வதில்லை. "உயிரோடுதான் இருக்கிறீர்களா, மகிழ்ச்சி" என்று எழுதியிருந்தார்.

"பாரேன், இவனும் இன்னும் இருக்கான்," என்றான் அண்ணன். "என்னை அதிகமாத் திட்டினதே இவன்தான்."

வாசலில் ஒருவர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். அண்ணி போய்த் துணியைத் தேடினாள். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

"இந்த ஃபைலுக்காக வச்சிருந்த பழைய வழி இருக்குமே, அதையும் எடுக்கணுமில்ல?"

"ஆமாண்ணா. அது இன்னும் பெருசு."

"திற," என்றான் அவன், கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டு.