பத்தொன்பது கடிதங்களும் ஒரு காலி வரியும்

மூன்று நாளாகத் தங்கை பத்தொன்பது கடிதங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

காதுக்கருவிக்கு மென்பொருள் எழுதும் அலுவலகம் அவளுடையது. எங்கெங்கோ இருப்பவர்கள் அதில் பிழை கண்டால் திருத்தத்தை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். அதற்குப் பேட்ச் என்று பெயர். எடுக்க வேண்டிய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்க்க வேண்டியதற்கு முன்னால் கூட்டல் குறி, தொடக்கூடாத வரிக்கு முன்னால் வெறும் ஓர் இடைவெளி. தலையில், மொத்தம் இத்தனை வரி என்று ஒரு எண்ணிக்கை. நடுவில் மூன்று சிறு கோடு போட்டு அதற்குக் கீழே எழுதும் குறிப்பு மென்பொருளுக்குள் போகாது. வாங்கிப் படிப்பவருக்கு மட்டும்.

வாங்கிப் படிப்பவர் மேலாளர். அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். அவர் கண்ணில் படாமல் ஒரு வரி உள்ளே போனதில்லை. அவர்தான் திங்கட்கிழமை முதல் மின்னஞ்சலை மூடிவிட்டு இணையப் பக்கத்துக்கு மாறலாம் என்று குண்டைத் தூக்கிப் போட்டார்.

“திருத்தத்தை ஓட்டிப் பாக்குற சோதனை இயந்திரங்களுக்குக் கடிதம் படிக்கத் தெரியாதும்மா. யாரு, எந்தக் கோப்பு, எந்த வரி, எத்தனாவது பதிப்புன்னு கட்டம் கட்டமா குடுத்தாத்தான் வாங்கிக்கும்.”

“கடிதத்தைக் கட்டமா மாத்துற புரோகிராம் நான் எழுதிக் குடுத்தா?”

“ஆறு வருஷக் கடிதம் நாலாயிரத்து இருநூறு இருக்கு. எல்லாத்தையும் மாத்தி, மென்பொருளுக்குள்ள இருக்கிறதோட ஒத்துப்போகுதுன்னு காட்டுங்க. வெள்ளிக்கிழமை நாலு மணி. ஒண்ணு இடிச்சாலும் மூடிடலாம்.”

சரி என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள். காரணம் அவளுடைய அண்ணன். இருபத்திரண்டு வயதில் பார்வை போனவர். கணினி வாசித்துச் சொல்ல, காதால் கேட்டே நிரல் எழுதுகிறவர். தெருச் சத்தத்திலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கும் பகுதி முழுக்க அவர் கைவண்ணம். அந்த இணையப் பக்கத்தையும் ஒரு நாள் திறந்துதான் பார்த்தார். அங்கே இருந்த எதற்கும் பெயர் வைத்திருக்கவில்லை. கணினி “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்று பிலாக்கணம் வைத்தது. மூடிவிட்டார். மின்னஞ்சல் போனால் அவர் வேலையும் போச்சு. அதை மேலாளரிடம் சொல்லலாம் என்றால், “என் பேரைச் சொல்லி யார்கிட்டயும் எதையும் கேக்காதே” என்று கறாராகச் சொல்லிவைத்திருந்தார்.

நாலாயிரத்து நூற்று எண்பத்தொன்று கச்சிதமாகப் பொருந்தின. இடித்த பத்தொன்பதும் அண்ணன் அனுப்பியவை. தலையில் ஏழு வரி என்றிருக்கும், எண்ணினால் ஆறுதான் வரும். கண் பூத்துப்போகும்வரை பார்த்தாள். அண்ணன்தான் கோட்டைவிட்டிருக்கிறார் என்றே நினைத்தாள்.

புதன்கிழமை மதியம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேசைதான் அவருடைய அலுவலகம். பக்கத்தில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“உன் கடிதம் பத்தொன்பது இடிக்குது அண்ணா.”

“என் கடிதமா? போடு, கேப்போம்.”

போட்டாள். கணினி படபடவென்று பொரிந்து தள்ளியது. அந்த வேகத்தில் அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கழித்தல், கூட்டல், இடைவெளி வந்தால் ‘இடம்’ என்று சொல்லிக்கொண்டே போனது.

“நிறுத்து. இங்க ‘இடம்’ சொல்லலை.”

“எங்க?”

“அஞ்சாவது வரி. அது காலி வரி. காலியா இருந்தாலும் முன்னாடி ஒரு இடைவெளி இருக்கணும்ல? நான் அனுப்பினதுல இருந்துச்சு.”

அவர் பக்கமிருந்த பிரதியைப் போட்டார். அதே ஐந்தாவது வரியில் கணினி “இடம்” என்றது. வழியில் அவருடைய பழைய அஞ்சல் சேவை அந்த ஒற்றை இடைவெளியைத் தின்றிருந்தது. குறியே இல்லாத வரியைத் தங்கையின் புரோகிராம் வரியாகவே எண்ணவில்லை. காலி வரி எழுதுவது அண்ணனுக்குப் பிடிக்காது என்பதால் அவர் அனுப்பிய இருநூறு கடிதங்களில் பத்தொன்பதோடு போயிற்று.

மூன்று நாள் கண்ணால் தேடியதை அவர் மூச்சுவிடும் நேரத்தில் காதால் பிடித்துவிட்டார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“உப்பு குறைஞ்சா வாயத் திறக்க மாட்டார். இடைவெளி குறைஞ்சா மட்டும் எகிறுவார்” என்றாள் அண்ணி.

அவர் சிரிக்கவில்லை. “அப்போ ஆறு வருஷமா இதெல்லாம் எப்படி உள்ள போச்சு?”

எண்ணிக்கை குறைந்து, அந்த இடத்தில் காலி வரி இருந்தால் அதைத் தொடாத வரியாகக் கொள் என்று அன்றே தங்கை புரோகிராமைத் திருத்தினாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேலாளர் தன் கையாலேயே ஓட்டினார். நாலாயிரத்து இருநூறும் பொருந்தின. சல்லடை விடுமா? அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்தைத் திறந்து சரிபார்த்தார். பிறகு கேட்டார்.

“காலி வரியை யாரு பிடிச்சது?”

“அண்ணன் சார். காதால.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “அந்தப் பத்தொன்பதுலயும் உள்ள சேக்கும்போது இடைவெளியை நான்தான் கையால போட்டேன்.”

“ஏன் சார் சொல்லலை?”

“சொன்னா அனுப்பறதுக்கே தயங்குவார். அவர விட்டா அந்தப் பகுதிய யாரு எழுதறது? நான் இல்லாத நாள்ல வந்தா திருப்பி அனுப்பிடுவாங்களேன்னு பயம். இணையப் பக்கத்துல போட்டா எதுவும் தொலையாதுன்னு நினைச்சேன்.”

அவள் அந்தப் பொத்தான் கதையைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. “இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?” என்றார். கல்லுளிமங்கன்கள் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டோமே என்று அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

மாலையில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை மின்னஞ்சல் திறந்தே இருந்தது. முதலில் வந்தது அண்ணனின் கடிதம். நடுவில் வேண்டுமென்றே ஒரு காலி வரியை விட்டிருந்தார். வழக்கம்போல் இடைவெளி வழியில் தொலைந்திருந்தது. தங்கையின் புரோகிராம் அதை வாங்கிக் கட்டம் கட்டமாகப் பிரித்தது. யார், எந்தக் கோப்பு, எந்த வரி. கடைசிக் கட்டம், மூன்று கோட்டுக்குக் கீழே எழுதும் குறிப்பு. மேலாளர் அதை வாய்விட்டுப் படித்தார்.

“பத்தொன்பதுக்கும் நன்றி. இருபதாவதைத் தொடாதீங்க.”

பழக்கதோஷத்தில் விசைப்பலகைக்குப் போயிருந்த விரல்களை எடுத்தார். சோதனை இயந்திரம் சரியென்று பச்சை காட்டும்வரை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.