கன்று வீச்சுக் காய்ச்சல்

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தபோது சோணைமுத்துவின் வலது கை, முழங்கைக்கு மேல் வரை மாட்டின் வயிற்றுக்குள் இருந்தது. ஏழு மாதக் கன்று உயிரில்லாமல் வெளியே விழுந்துவிட்டது. நஞ்சுக்கொடி மட்டும் வராமல் உள்ளே ஒட்டிக்கிடந்தது. விரலால் தடவித் தடவி, ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்தெடுத்தான். சூடான நீர் அவன் தோள்பட்டையில் வழிந்து மார்பில் இறங்கியது. அழுகிய வாடை. மாடு முதுகை வளைத்து முக்கியது. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

மனைவி தங்கப்பொண்ணு, செத்த கன்றை வெறுங்கையால் தூக்கிக் கூடையில் போட்டாள்.

"இதோட எத்தனை?"

"ஆறு. மார்கழியிலருந்து ஆறு மாடு கன்னு வீசிருச்சு" என்றான் அவன்.

வாடிப்பட்டிக்கும் அலங்காநல்லூருக்கும் நடுவில், கால்வாய்க்கரையை ஒட்டி இருந்தது நல்லகாமனின் பால்பண்ணை. நாற்பது கலப்பின மாடுகள். பால் வேனில் மதுரைக்குப் போனது. வேலை பார்த்த பதினோரு குடும்பங்களும் பண்ணை நிலத்திலேயே குடிசை போட்டிருந்தன. எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் அது.

சோணைமுத்துவுக்குத் தை பிறந்ததிலிருந்தே காய்ச்சல். காலையில் இருக்காது. உச்சி சாய்ந்ததும் குளிர் உதறும். பொழுது இறங்க இறங்க உடம்பு கொதிக்கும். விடியும்போது வியர்த்துக் கொட்டிப் பாய் நனைந்திருக்கும். பத்து நாள் விட்டுவிடும். தப்பித்தோம் என்று நினைக்கும்போது திரும்ப வரும். இடுப்பும் முழங்காலும் கழன்று விழுவதுபோல வலித்தன. வாடிப்பட்டிக் கடையில் வாங்கிய மலேரியா மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. பண்ணையில் இன்னும் நான்கு பேருக்கு இதே காய்ச்சல். சாணி அள்ளும் பாண்டியம்மாளுக்குக் காய்ச்சலோடு ஐந்து மாதக் கருவும் கலைந்துபோனது. அன்றிலிருந்து அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கூடையும் தலையுமாக வருவாள், போவாள்.

மேஸ்திரி கருத்தக்கண்ணன் திண்டுக்கல் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சிரித்தான்.

"காலையில கல்லு மாதிரி இருக்கான். சாயங்காலக் கறவைக்கு மட்டும் காய்ச்சல் வருதாம். இது வேலைக்கள்ளக் காய்ச்சல்டா."

மறுவாரம் சோணைமுத்துவால் எழுந்திருக்கவே முடியவில்லை. விதை வீங்கிவிட்டது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் பல்லைக் கடித்துக் கிடந்தான். தங்கப்பொண்ணு கண்டுபிடித்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அவனைத் தோளில் சாய்த்துப் பஸ் ஏற்றி மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே டாக்டரம்மா ஒருத்தி, இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

அவன் இரண்டு கைகளையும் நீட்டிக் காண்பித்தான். எல்லாவற்றையும் சொன்னான். வீசிய கன்றுகள், பிரித்தெடுத்த நஞ்சுக்கொடிகள், பசிக்குப் பீய்ச்சியபடியே குடித்த பச்சைப்பால். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் தங்கப்பொண்ணைப் பரிசோதனை அறைக்குக் கூப்பிட்டு, வரிசையாக நின்ற கண்ணாடிக் குழாய்களைக் காட்டினாள் டாக்டரம்மா. கலங்கலாக இருக்க வேண்டிய நீர் பல குழாய்களில் தெளிந்து, அடியில் வெள்ளையாக எதுவோ திரைந்து படிந்திருந்தது.

"பால் திரிஞ்ச மாதிரி இருக்கே" என்றாள் தங்கப்பொண்ணு.

"குழாயில நாங்க ஊத்துனது செத்த கிருமி. மாட்டுக்குக் கன்னு வீச வைக்கிற கிருமி. அதைப் புடிச்சுக் கட்டுற சத்து ஒங்க வீட்டுக்காரர் ரத்தத்துல நெறைய ஊறியிருக்கு. அதான் இப்படித் திரைஞ்சுருச்சு. இவர் ஒடம்பு ரொம்ப நாளா இதோட சண்டை போட்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

"வேலைக்கள்ளம்னாங்களே தாயி."

"யாரு சொன்னா?"

தங்கப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இம்புட்டு சண்டை போடுதுன்னா ஏன் ஜெயிக்க மாட்டேங்குது?"

டாக்டரம்மா முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நம்ம ரத்தத்துல காவலுக்குன்னே வெள்ளை அணுக்கள் இருக்கு. வெளியிலருந்து கிருமி வந்தா அதுக போயி முழுங்கிரும். முழுங்குனா மத்த கிருமி செத்துரும். இது சாகாது. முழுங்குன அணுவுக்குள்ளயே ஒளிஞ்சு உக்காந்து பெருகும். அந்த அணு போற எடமெல்லாம் இதுவும் போகும். ஈரல், மண்ணீரல், எலும்பு மூட்டு, எல்லாம். ரத்தத்துல ஊறுன சத்து வெளியில திரியிற கிருமியத்தான் புடிக்கும். உள்ள இருக்கிறதத் தொட முடியாது. கிருமி பெருகி வெளிய வரும்போதெல்லாம் ஒடம்பு திரும்ப மோதும். அந்த மோதல்தான் இவருக்கு விட்டு விட்டு வர்ற காய்ச்சல்."

"அப்ப உள்ள இருக்கிறத என்னதான் பண்றது?"

"முழுங்குன அணுவால தனியா ஒண்ணும் பண்ண முடியாது. வேற சில அணுக்கள் கிருமிய அடையாளம் கண்டு, அது பக்கத்துல வந்து உசுப்பி விடணும். அப்பத்தான் அதுக்கு உள்ள இருக்கிறதக் கொல்ற வலு வரும். அதுக்கு நாளாகும். சில ஒடம்புல நடக்காமலேகூடப் போயிரும். அதனால ஊசியும் மாத்திரையும் சேந்து ஆறு வாரம் குடுக்கணும். பாதியில நிறுத்தினா திரும்ப வந்துரும். குணமானப்பறம் அதே மாட்டுக் கொட்டத்துல வெறுங்கைய விட்டாலும் வந்துரும்."

ஆறு வாரம். வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. வேலை இல்லாதவனுக்குக் குடிசையும் இல்லை. தங்கப்பொண்ணு விரல் மடக்கி நாளை எண்ணினாள். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டாள்.

"எங்ககூட ஒரு புள்ளைக்கு அஞ்சு மாசத்துல கலைஞ்சுபோச்சு. அதுவும் இதுனாலயா?"

"இருக்கலாம். ரத்தம் பாத்தாத்தான் சொல்ல முடியும். கூட்டிட்டு வாங்க."

சோணைமுத்துவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஊர் திரும்பினாள். மறுநாள் காலைக் கறவை முடிந்து எல்லோரும் கால்வாயில் கைகால் கழுவும்போது, கேட்டதை எல்லாம் சொன்னாள். பாண்டியம்மாள் பக்கம் பார்க்காமலே சொன்னாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கடைசியில் சொல்லிவிட்டாள்.

பாண்டியம்மாள் தண்ணீரில் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயித்துல இருந்த புள்ளைய நாந்தான் கூடை தூக்கிக் கொன்னுட்டேன்னு என் மாமியா சொல்லுச்சு" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. அப்புறம் வாய்விட்டு அழுதாள். பெண்கள் அவளைச் சுற்றி ஈரக்கரையில் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலையில் பதினோரு குடும்பமும் நல்லகாமன் வீட்டு வாசலில் நின்றது.

"எல்லாருக்கும் ரத்தம் பாக்கணும் மொதலாளி" என்றாள் தங்கப்பொண்ணு. "வைத்தியம் பாக்குற நாளைக்குக் கூலி வேணும். கைக்கு ரப்பர் உறை வேணும். வீசுன மாட்டைத் தனியாக் கட்டணும். கன்னையும் நஞ்சுக்கொடியையும் சுண்ணாம்பு போட்டுப் பொதைக்கணும்."

நல்லகாமன் தங்கப்பொண்ணை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏ புள்ள, ஒங்க அப்பன், பாட்டனெல்லாம் எந்த உறைய மாட்டிக்கிட்டு மாடு பாத்தாங்க?"

"அவுக பாத்தது நாலு மாடு. இங்க நாப்பது. மூணு மாசத்துல ஆறு வீசிருச்சு."

"இந்தப் பாலத்தான் நானும் குடிக்கிறேன். எனக்கு என்ன வந்துச்சு?"

"நீங்க காய்ச்சிக் குடிக்கிறீங்க. மாட்டு வயித்துல கைய விடுறது நாங்க."

அவர் முகம் கறுத்தது.

"பிடிக்கலைன்னா குடிசையப் பிரிச்சுக்கிட்டுக் கெளம்புங்க. எடம் என்னோடது."

அவர்கள் திரும்பினார்கள். இரண்டு குடும்பம் அன்றே பாத்திரங்களை மூட்டை கட்டியது. போக இடமில்லாமல் மூட்டையைப் பிரிக்கவும் மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தது. சோணைமுத்து ஒரு வார ஊசியோடு, டாக்டரம்மா தடுத்தும் கேளாமல், குடிசை போய்விடுமே என்ற பயத்தில் திரும்பி வந்துவிட்டான். மூன்றாம் நாள் காய்ச்சல் மறுபடி ஏறியது.

பங்குனி பிறந்த வாரத்தில் ஒரு காலை, பண்ணைக் கேட்டுக்குள் லாரி வந்து நின்றது. வீசிய ஆறு மாடுகளையும் மாட்டுத்தாவணிச் சந்தைக்கு ஏற்றச் சொன்னார் நல்லகாமன்.

யாரும் கயிற்றைத் தொடவில்லை.

"இந்த மாட்டை வாங்குறவன் வீட்டுலயும் புள்ள கலையும் மொதலாளி" என்றாள் தங்கப்பொண்ணு. "நாங்க ஏத்த மாட்டோம்."

"டே கருத்தக்கண்ணா, ஏத்துடா!"

மேஸ்திரி கயிற்றை அவிழ்த்தான். நான்கு அடி நடந்தவன் நின்றுவிட்டான். வியர்வை அவன் சட்டையை நனைத்திருந்தது. அந்தக் காலைவேளையிலும் குளிர் உதறியது.

"எனக்கும் ஒரு மாசமா இருக்கு" என்றான். யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்று தெரியவில்லை. "வெளிய சொல்லலை. மார்கழியிலயே மாட்டு டாக்டர் வந்து மாட்டு ரத்தம் எடுத்தாரு. கன்னு வீச்சு நோய்னு கடுதாசி வந்துச்சு. மாட்டைப் பிரிச்சுக் கட்டு, ஆளுக கைய விடாமப் பாத்துக்கன்னு எழுதியிருந்துச்சு. நாந்தான் மொதலாளிக்கு வாசிச்சுக் காமிச்சேன். வாசிச்சுட்டு உங்களக் கைய விடச் சொன்னதும் நாந்தான்."

 பாண்டியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அவன் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி, மாட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் கட்டினாள்.

"ஒருத்தனும் இங்க இருக்க மாட்டீங்க!" என்று கத்தினார் நல்லகாமன். "போலீஸோட வாரேன். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள குடிசை அம்புட்டும் தரைமட்டம்!" கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

சோணைமுத்துவால் நிற்க முடியவில்லை. "என்னைய லாரிக்கு முன்னால கொண்டுபோயி விடுங்கப்பா" என்றான். இரண்டு பேர் தாங்கி வந்து சக்கரத்துக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். முதுகுக்கு ஒரு வைக்கோல் கட்டு. ஒவ்வொருவராக அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். லாரி டிரைவர் கொஞ்ச நேரம் மேலே இருந்தபடி பார்த்தார். பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"நானும் ரெண்டு மாடு வச்சிருக்கேன் அண்ணே. என்ன நோயின்னு சொன்னீங்க?"

சோணைமுத்து சொல்லத் தொடங்கினான். தனக்குத் தெரிந்த வார்த்தையில், மூச்சு வாங்க வாங்கச் சொன்னான்.

கொட்டத்தில் கறக்காத மாடுகள் மடி கனத்துக் கத்தின. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாடு என்ன பாவம் பண்ணுச்சு" என்று எழுந்தாள் தங்கப்பொண்ணு. நாலு பேர் கறவைக்குப் போவது, மற்றவர்கள் லாரிக்கு முன்னால் இருப்பது, முதலில் ஐந்து பேர் பஸ்ஸில் மதுரைக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, மார்கழிக் கடுதாசியைப் பற்றி டாக்டரம்மாவிடம் சொல்வது என்று பேசி முடித்தார்கள்.

பாண்டியம்மாள் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகச் சாலையில் இறங்கினாள். கருத்தக்கண்ணன் தயங்கித் தயங்கித் தூரத்தில் பின்தொடர்ந்தான்.

அவள் நின்று திரும்பினாள்.

"வெரசா வாண்ணே" என்றாள். "பஸ் போயிரும்."