பன்னிரண்டாவது இருக்கை

மாநிலத் தேர்வுக்கு இன்னும் பதினாறு பள்ளி நாட்கள் இருந்தன. அதில் ஒரு நாள் ஊக்கக் கூட்டத்துக்குப் போய்விடும். அன்று எல்லோரும் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு, வாசிப்பில் ஜெயிப்போம் என்று உடற்பயிற்சிக் கூடத்தில் கத்த வேண்டும். ஆக, பதினைந்து.

ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஜனவரியிலிருந்து அறிவியல் இல்லை. அந்த வகுப்பில் அதற்குத் தேர்வு கிடையாது என்பதால் அந்த நேரமும் வாசிப்புப் பயிற்சிக்குப் போய்விட்டது. பிள்ளைகளின் தேர்வு மார்க்கை வைத்துப் பள்ளிக்கும் தேர்ச்சி போடுவார்கள்; எங்கள் பள்ளி நான்கு வருடமாகத் தேறவில்லை. இந்த வருடமும் தேறாவிட்டால், வாஷிங்டனில் போட்ட சட்டப்படி எங்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டு வேறு ஆட்களை வைக்கலாம்.

பள்ளி விட்ட பிறகு பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தனியாக வாசிப்பு வகுப்பு எடுத்தேன். அவர்களை வீட்டில் விடும் வேனில் பன்னிரண்டு இருக்கைகள்.

லோரெல் ப்ரூயிட் அவர்களில் ஒருத்தி. கென்டக்கி மாநிலத்திலிருந்து குடிவந்தவள். முதலில் ஒரு பத்தியை முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும். இப்போது பக்கத்தைத் திருப்பும்போது, சரியா என்று நிமிர்ந்து என்னைப் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியை ஓடம் என்னைக் கூப்பிட்டார். அவர் அறைச் சுவர் முழுக்கப் பிள்ளைகளின் பெயர் எழுதிய அட்டைகள். பச்சை தேறிவிடும். சிவப்பு தேறாது. மஞ்சள் இரண்டுக்கும் நடுவில்.

"கெஸ்லர், அந்த ப்ரூயிட் பொண்ண உன் சாயங்கால வகுப்புலேர்ந்து எடுத்துடு. அந்த எடத்துல ஆர்லோவப் போடு. அவன் மஞ்சள்ல இருக்கான்."

"எல்லாரையும் விட அவதான் மேடம் நல்லா முன்னேறி வர்றா."

"தெரியும்." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "மாவட்ட ஆபீஸ்லேர்ந்து வந்த ஆளு உன் பன்னெண்டு பேரையும் பாத்துட்டுக் கேக்கறாரு, இவ எப்படி உள்ள வந்தான்னு."

பிறகு காரணத்தைச் சொன்னார். ஒரே வாக்கியம்.

"வீட்டுல கேட்டா எடம் இல்லன்னு சொல்லு. இதச் சொல்லிடாத. எனக்கு மட்டும் இது பிடிச்சா செய்யறேன்?"

நான் சுவரில் லோரெலின் அட்டையைத் தேடினேன். எந்த நிறத்திலும் இல்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஓய்வறையில் கணக்கு ஆசிரியர் ரூர்க் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாக இங்கேதான் இருக்கிறார்.

"என்னம்மா, மைக்ரோவேவ்ல வச்சு எடுத்த மாதிரி இருக்கு மொகம்?"

"ஒரு பொண்ண எடுக்கச் சொல்றாங்க."

"எடு. போன வருஷம் நான் நாலு பேர எடுத்தேன். இது ஒரு தினுசான ஆஸ்பத்திரி. நல்லா இருக்கறவனுக்கும் மருந்து கெடையாது, சாகக் கெடக்கறவனுக்கும் கெடையாது. நடுவுல இருமறவனுக்கு மட்டும் ஊசி."

சிரித்தார். பிறகு மீதி சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை லோரெலிடம் இடமில்லை என்று சொன்னேன்.

"நான் ஏதாவது பண்ணினேனா மிஸ்?"

"இல்ல, இல்ல."

"அப்ப ஏன் நான்?"

"பஸ் கெளம்பிடும். ஓடு," என்றேன்.

வியாழக்கிழமை மாலை வகுப்பு தொடங்கும்போது வாசலில் அவள் அப்பா நின்றார். டயர் தொழிற்சாலைச் சட்டை. இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற வழியில் வந்திருக்கிறார். லோரெல் அவருக்குப் பின்னால் நின்றாள். நான் நடைக்கு வந்து கதவைச் சாத்தினேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"நான் வெண்டல் ப்ரூயிட், மிஸ். இவ என்ன பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணல சார். எடம்தான்..."

"எடம் இல்லன்னா, நேத்து புதுசா ஒரு பையன் வேன்ல ஏறிப் போனானாமே? இவ பஸ்ஸ விட்டுட்டு அதுவரைக்கும் நின்னு பாத்துட்டிருந்திருக்கா." அவர் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. "எங்க கம்பெனியிலயே ஒருத்தன வெளிய அனுப்பினா காரணம் சொல்லுவாங்க, மிஸ். ரெண்டு நாளா கேக்கறேன், ஒண்ணும் பண்ணலங்கறா. டிவி ஒயரப் புடுங்கி வச்சேன். அப்பவும் அதையேதான் சொல்றா. வாய் ஜாஸ்தி இவளுக்கு, எனக்குத் தெரியும். நீங்க பெரிய மனசு பண்ணித் திரும்பச் சேத்துக்கணும்." அவள் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "மன்னிப்புக் கேளுடி."

"சாரி மிஸ்."

"எதுக்கு சாரி? அதச் சொல்லு."

லோரெல் தரையைப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"சிரிச்சதுக்கு," என்றாள். "அந்தத் தவளைக் கதையில நான் சத்தமா சிரிச்சிட்டேன் மிஸ்."

பயிற்சித் தாளில் இருந்த கதை அது. அதில் சிரிக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. பன்னிரண்டு பேரில் அவள் ஒருத்திக்குத்தான் அது பிடிபட்டது.

"பாத்தீங்களா மிஸ்," என்றார் அவர். "நான் சொல்லல? இனிமே சிரிக்க மாட்டா."

"அவ ஒண்ணும் பண்ணல," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அவ ஒண்ணுமே பண்ணல சார். அக்டோபர் முதல் வாரத்துக்குள்ள சேந்த பிள்ளைங்க மார்க்கத்தான் எங்க ஸ்கூல் கணக்குல சேப்பாங்க. லோரெல் நவம்பர்ல வந்தா. அவ தேறினா எங்களுக்கு லாபம் இல்ல, தேறாட்டி நஷ்டமும் இல்ல. அதனாலதான் எடுத்துட்டோம்."